முறுக்கு பிழைத்த இரவு

எங்கள் வீட்டு நாயின் பெயர் முறுக்கு. கொல்கத்தாவின் தெருக்களில் பிறந்து வளரும் சாதாரண நாட்டு நாய். வங்காளிகள் அந்த இனத்தை 'நேடி' என்று சற்று இளக்காரமாகவே சொல்வார்கள். அதன் வால் தேன்குழல் அச்சிலிருந்து அப்போதுதான் இறங்கியதுபோல் சுருண்டிருக்கும். மூன்று மாதக் குட்டியாக மழையில் நனைந்துகொண்டு எங்கள் படிக்கட்டில் வந்து ஒதுங்கியபோது என் மகள் அந்த வாலைப் பார்த்துத்தான் பெயரிட்டாள். வீட்டு உரிமையாளரான மூதாட்டியை நாங்கள் 'மாசிமா' என்று அழைப்போம். அவர் வாயில் அந்தப் பெயர் 'முருக்கூ' என்று நீண்டு ஒலிக்கும். இரண்டுக்குமே வால் ஆடும்.

வங்கிப் பணியில் இருப்பவர்களுக்கு இடமாற்றம் என்பது வானிலை போன்றது. குறை சொல்லலாம், தடுக்க முடியாது. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ஆணை வந்தபோது, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியில் வீடு பார்க்கும்படிதான் நண்பர்கள் கூறினார்கள். அங்கே நல்லெண்ணெய் கிடைக்கும், வாழையிலை கிடைக்கும், காப்பிப்பொடியும் கிடைக்கும். எங்களுக்கு வீடு அமைந்தது சற்றுத் தெற்கே, டாக்குரியாவில். பழைய இரண்டு மாடி வீடு. கீழ்த்தளம் எங்களுக்கு. பின்புறம் ஒரு சிறு தோட்டம், ஒரு கொய்யா மரம், துளசி மாடம், மதிலோரம் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் செங்கல் குவியல். அந்தக் குவியலைப் பற்றித்தான் இக்கட்டுரை என்றும் சொல்லலாம்.

டாக்குரியா என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஏரி. அது இயற்கையாக அமைந்த ஏரி அன்று. 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தெற்கே நகரை விரிவாக்கும்போது சதுப்பும் காடுமாகக் கிடந்த சுமார் 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி, அதில் வெட்டி உருவாக்கிய நீர்நிலை. 1958-இல் அதற்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் சூட்டினார்கள். மக்கள் இன்னும் 'லேக்' என்றே சொல்கிறார்கள். சதுப்பை நிரப்பி வீடு கட்டிய பகுதி என்பதை அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பார்த்து நாம் மறந்துவிடுகிறோம். மழைக்காலத்தில் நிலம் அதை நினைவூட்டும். வடிகால் நிரம்பும், வளைகளில் நீர் புகும், வளைக்குள் இருப்பவை வெளியே வரும்.

கடந்த ஆகஸ்டில் ஒரு மாலை அப்படித்தான் நிகழ்ந்தது. இரவு எட்டரை மணி இருக்கும். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முறுக்கு வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனது. செங்கல் குவியலருகே ஒரு குரைப்பு, உடனே ஒரு கீச்சென்ற ஓலம். நான் கைவிளக்குடன் போய்ப் பார்த்தபோது நாய் பின்வாங்கி நின்று முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. குவியலின் மேல் ஒரு பாம்பு படம் எடுத்து நின்றது. படத்தின் பின்புறத்தில் வளையம்போல் ஒரே ஒரு அடையாளம். மூக்குக் கண்ணாடி போன்ற இரட்டை வளையத்தையே பார்த்துப் பழகிய தமிழ்நாட்டுக் கண்ணுக்கு அது புதியதாக இருந்தது. என் மகள் தொலைவில் நின்றே அலைபேசியில் ஒரு படம் எடுத்தாள். அந்த ஒரு நொடிச் சாமர்த்தியத்தை நான் இன்றும் வியக்கிறேன்; எனக்கு அது தோன்றவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த மாசிமா படத்தைப் பார்த்ததும் "கேவுட்டே" என்றார். வங்கத்தில் ஒற்றை வளைய நாகத்துக்கு அதுதான் பெயர். இரட்டை வளையம் உள்ள நம் நல்ல பாம்பை அவர்கள் 'கோக்ரோ' என்பார்கள். கண்ணாடி விரியனுக்கு 'சந்திரபோடா'. உடலில் நிலவுபோல் வட்டங்கள் இருப்பதால் அந்தப் பெயர். கட்டு விரியனுக்கு 'காலாச்'. பாம்புக்கு இத்தனை பெயர் வைத்துள்ள மக்கள் பாம்போடு நெடுங்காலம் வாழ்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பாம்புத் தெய்வமான மனசா தேவிக்கு இங்கே சிராவண மாதத்தில் வழிபாடு நடக்கும். பாம்பு தீண்டி இறந்த கணவனின் உடலைத் தெப்பத்தில் வைத்து ஆற்றோடு போய், தெய்வத்திடம் வாதாடி உயிர் மீட்டு வந்த பெஹுலாவின் கதையை அறியாத வங்காளி இல்லை. நம் சாவித்திரியின் தங்கை என்று சொல்லலாம்.

ஐந்து நிமிடங்களில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டச் சொன்னார். கடி விழுந்திருந்தது மேல் உதட்டில். அதற்கு மேலே கட்டுவதென்றால் கழுத்தில்தான் கட்ட வேண்டும். இன்னொருவர் பிளேடால் கீறி இரத்தத்தை வெளியேற்றலாம் என்றார். மூன்றாமவர், ரயில் பாதைக்கு அப்பால் ஓர் 'ஓஜா' இருக்கிறார், விஷக்கல் வைத்து உறிஞ்சிவிடுவார் என்றார். மனிதர்களுக்கே சொல்லப்படும் இந்த மூன்று வைத்தியங்களும் நாய்க்கும் தாராளமாகச் சொல்லப்பட்டன. மாசிமா மட்டும் ஒரே வரி சொன்னார்: "மேனேஜர் பாபு, நேரத்தை விற்காதீர்கள்." வங்கிக்காரனிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த யோசனைகளைச் சொன்னவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. இந்த நம்பிக்கைகள் ஏன் சாவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். அத்தகைய கடிகளில் கல் வைத்தாலும் பிழைப்பார்கள், வைக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பெயர் மட்டும் கல்லுக்குப் போகும்.

இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் முனைந்தவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான். அக்காலத்தில் பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்தாகத் 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒன்று புகழ்பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம் சேர்ந்த மாத்திரை அது. ரஸ்ஸல் நாய்களையும் கோழிகளையும் பாம்புகளிடம் கடிபட வைத்து அறிகுறிகளைக் குறித்துக்கொண்டார். மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார். அது பயன்படவில்லை என்ற முடிவுக்கு வந்தார். தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த எனக்கு இதைப் படித்தபோது சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆயினும் உண்மை உண்மைதான்.

அன்றிரவு இதெல்லாம் எனக்குத் தெரியாது. நாயை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மஞ்சள் டாக்சி ஒன்றில் ஏறினோம். நடக்கவிடக் கூடாது என்பது மட்டும் எப்போதோ கேட்டது நினைவில் இருந்தது. நடந்தால் இரத்த ஓட்டம் மிகும், நஞ்சு விரைந்து பரவும். ஓட்டுநர் வாடகை பேசவில்லை. பாலத்தின் மீது போக்குவரத்து நெரிசலில் நின்றபோது மட்டும் திரும்பிப் பார்த்து, "மூச்சு இருக்கிறதா?" என்று கேட்டார்.

முதலில் சென்ற கால்நடை மருத்துவமனையில் விளக்கு எரிந்தது, மருத்துவரும் இருந்தார்; பாம்புக்கடி மருந்து இல்லை. அதை இங்கே குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலான சிறு மருத்துவமனைகளில் இருக்காது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த இளம் மருத்துவர் ஒரு காரியம் செய்தார். நாய்க்கு நரம்பூசிக் குழாய் பொருத்தினார். பிறகு தம் அலைபேசியில் நான்கு இடங்களுக்குப் பேசினார். நான்காவது இடத்தில் மருந்து இருந்தது. "இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். போய்க் கேட்காதீர்கள்" என்றார். அவர் கட்டணம் வாங்கவில்லை.

இரண்டாவது மருத்துவமனையை அடைந்தபோது மணி ஒன்பது ஐம்பது. அதற்குள் முறுக்கின் உதடும் தாடையும் வீங்கி முகமே மாறியிருந்தது. இமைகள் பாதி மூடியிருந்தன. தூக்கக் கலக்கம் என்று என் மனைவி நினைத்தாள். அது தூக்கம் இல்லை. நாகத்தின் நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. நரம்பு கட்டளையிடுகிறது, தசைக்குக் கேட்பதில்லை. முதலில் இமையைத் தூக்கும் சிறு தசைகள் தோற்கின்றன. பிறகு விழுங்கும் தசைகள். அதனால்தான் வாயில் எச்சில் வழிகிறது. அடுத்து கால்கள். கடைசியில் மூச்சை இயக்கும் தசைகள். இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். விரியனின் நஞ்சு வேறு வழியில் செல்லும். அது இரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே எந்தப் பாம்பு என்பது தெரிந்தால் மருத்துவருக்கு எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது தெரிகிறது. மகள் எடுத்த படம் அங்கே பயன்பட்டது.

அந்த மருத்துவர் பெல்காச்சியாவில் படித்தவர். வங்கக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1893 முதல் அங்கே இயங்கி வந்தது. இன்று அது ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதி. மிகக் குறைவாகப் பேசுபவர். ஆனால் செய்யும் ஒவ்வொன்றையும் எங்களிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுச் செய்தார். தூளாக இருந்த மருந்தை நீரில் கரைத்து இரண்டு குப்பிகளைச் சிரை வழியே ஏற்றினார். மனிதர்களுக்குத் தரும் அதே குப்பிதான். நாய்க்கென்று தனியாக மருந்து இல்லை. "பதினாறு கிலோ நாய்க்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். பாம்பு எடை பார்த்துக் கடிப்பதில்லை என்றார். மருந்து முறிக்க வேண்டியது உள்ளே சென்ற நஞ்சை. உடலின் எடை அந்தக் கணக்கில் வருவதில்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு கொடுப்பதும் இதனால்தான். சொல்லப்போனால் உடல் சிறியதாக இருக்க இருக்க ஆபத்து கூடுகிறது, ஏனெனில் அதே நஞ்சு குறைந்த எடையில் பரவுகிறது. வட்டி விகிதம் எல்லாருக்கும் ஒன்றுதான், சிறுகடனாளிக்கு மட்டும் சுமை அதிகம் என்று எனக்குள் தோன்றியது. தொழில் புத்தி எந்த நேரத்திலும் விடுவதில்லை.

மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. பாம்பு நஞ்சைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் குதிரைக்கு ஊசி மூலம் செலுத்தினால், அதன் உடல் நஞ்சை எதிர்க்கும் புரதங்களை உருவாக்கும். அப்புரதங்களைப் பிரித்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்கிறார்கள். வேற்று விலங்கின் புரதம் என்பதால் ஒவ்வாமை ஏற்படலாம்; அதற்காக அட்ரினலின் ஊசி அருகிலேயே தயாராக இருந்தது. கூடவே நரம்புத் தசைச் சந்திப்பில் கட்டளை எட்ட உதவும் நியோஸ்டிக்மின் என்ற மருந்தை அட்ரோபினுடன் சேர்த்துக் கொடுத்தார்.

பத்தரை மணிக்கு முறுக்கின் மார்பு ஏறி இறங்குவது நின்றது.

மருத்துவர் தொண்டைக்குள் குழாய் செலுத்தி அதன் முனையில் ரப்பர்ப் பை ஒன்றைப் பொருத்தினார். உதவியாளர் அதை அழுத்தினார், விட்டார், அழுத்தினார். இயந்திரம் அங்கே இல்லை. நிமிடத்துக்குப் பதினைந்து முறை இருக்கும். சற்று நேரத்தில் கை மாறியது. பிறகு என்னிடம் கொடுத்து எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினார்கள். நான் அழுத்தினேன். இருபது ஆண்டுகளாக எண்களை எண்ணி வாழ்பவன், அன்று எண்ணியதைப்போல் எப்போதும் எண்ணியதில்லை. மேலும் இரண்டு குப்பிகள் ஏறின. என் மனைவி அதன் காதருகே தமிழில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். அதற்குக் கேட்கும், நினைவு இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நஞ்சு தசையைத்தான் முடக்குகிறது, உணர்வை அழிப்பதில்லை. இதைக் கேட்டபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

அந்த ரப்பர்ப் பையின் கதையும் இந்த நகரத்தோடு தொடர்புடையது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜோசப் பேய்ரர் 1872-இல் இந்தியாவின் நச்சுப் பாம்புகளைப் பற்றி ஒரு பெரும் நூல் வெளியிட்டார். அதற்காக அவர் செய்த ஆய்வுகளில் ஏராளமான நாய்கள் கடிபட்டு இறந்தன. தொடர்ந்து இங்கே நடந்த ஆய்வுகளில், நாக நஞ்சு ஏறிய விலங்குக்குச் செயற்கையாகச் சுவாசம் கொடுத்தால் அதன் இதயம் மேலும் பல மணி நேரம் துடிப்பது தெளிவாகியது. சாவு மூச்சு நிற்பதால் வருகிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அப்படி இழுத்துப் பிடித்த நேரத்தில் கொடுக்க அவர்கள் கையில் மருந்து இல்லை. 1894-இல்தான் பிரான்சில் ஆல்பர்ட் கால்மெட்டும் வேறிருவரும் தனித்தனியே முறிமருந்தை அறிவித்தார்கள். கல்கத்தாவின் பெயர் தெரியாத நாய்கள் கற்றுக்கொடுத்த பாடத்தில்தான், அதே நகரத்துத் தெருநாய் ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்பு பையை அழுத்திய என் கைக்கு எதிராக ஒரு சிறு இழுப்பு தெரிந்தது. மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் என் கையை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். மார்பு தானாக ஒருமுறை எழுந்தது. நீண்ட இடைவெளி. மறுபடி எழுந்தது. விடியும்போது குழாயை எடுத்துவிட்டார்கள். மறுநாள் மாலை முறுக்கு எழுந்து நின்று, இரண்டடி வைத்து, விழுந்தது. அதற்கு மறுநாள் வால் ஆடியது.

கடிபட்ட உதட்டில் தசை அழுகி உதிர்ந்தது. நாக நஞ்சுக்கு அந்தக் குணமும் உண்டு, அதை முறிமருந்து முழுவதும் தடுப்பதில்லை. புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. மொத்தச் செலவு இருபத்திரண்டாயிரம் ரூபாய் சொச்சம். செல்லப் பிராணிகளுக்குக் காப்பீடு இப்போது பொதுத் துறை நிறுவனங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் கிடைக்கிறது. நாங்கள் எடுத்திருக்கவில்லை. பிறருக்கு ஆண்டு முழுதும் காப்பீட்டின் அருமையை எடுத்துச் சொல்பவன் வீட்டு நிலை அது. எடுப்பவர்கள் விபத்தும் நச்சுக்கடியும் அதில் அடங்குமா, எந்த இனத்து நாய்க்குப் பொருந்தும் என்று முன்னதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

வீட்டுக்குக் கிளம்பும்போது காலியான நான்கு குப்பிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் தாளில் நான்கு பாம்புகளின் பெயர் இருந்தது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் இந்த நான்கின் நஞ்சைச் சேர்த்தே மருந்து செய்கிறார்கள். ஒற்றை வளைய நாகத்தின் பெயர் அதில் இல்லை.

இதை மருத்துவரிடம் காட்டினேன். அவர் தலையசைத்தார். இந்தக் குப்பிக்கான நஞ்சு பெரும்பாலும் உங்கள் ஊரிலிருந்துதான் வருகிறது என்றார்.

வந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயரிலும் 'வங்கி' உண்டு என்பதால் எங்கள் அலுவலகத்தில் அதைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு நிலவியது. அந்த வளாகத்தில் இருளர் பாம்புப் பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புத் தோல் வணிகம் சட்டப்படி நின்றுபோனபோது வாழ்வாதாரம் இழந்த இருளர்களுக்காக, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் அது தொடங்கப்பட்டது. தோலுக்காகக் கொன்றவர்கள் நஞ்சுக்காக உயிரோடு பிடிக்கலானார்கள். வனத்துறை ஆண்டுதோறும் அனுமதிக்கும் எண்ணிக்கையில் மட்டும் பிடித்து, மண்பானைகளில் துணி கட்டி வைத்து, வாரம் ஒருமுறை வீதம் சில வாரங்கள் நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பை உடனே மீண்டும் பிடித்து வராதிருக்க இந்த ஏற்பாடு. வைப்பும் எடுப்பும் கணக்கும் உள்ள நிறுவனம்தான். நாட்டின் முறிமருந்து உற்பத்தி பெரிதும் இச்சங்கத்தையே சார்ந்திருக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க அழைக்கப்பட்டுச் சென்று வந்தவர்கள் அவர்கள்.

மகள் சிறுமியாக இருந்தபோது அவளை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். பாம்பின் தலையைப் பிடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் கடிக்க வைத்தார் ஒருவர். மஞ்சளாகச் சில துளிகள் இறங்கின. கைதட்டிவிட்டு இளநீர் குடிக்கப் போய்விட்டோம். அந்தத் துளிகள் எங்கே போகின்றன என்று நான் கேட்டதாக நினைவில்லை.

ஒரே இடத்து நஞ்சில் நாடு முழுமைக்கும் மருந்து செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே இனப் பாம்பாயினும் வாழும் ஊருக்கு ஏற்ப நஞ்சின் கலவை மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளாக இதை விரிவாக வெளியிட்டு வருகிறார்கள். நால்வகைப் பட்டியலுக்கு வெளியே உள்ள பாம்புகளின் நஞ்சை, அதிலும் ஒற்றை வளைய நாகத்தின் நஞ்சை, இப்போதைய மருந்து போதிய வலிமையோடு முறிப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. வங்க மருத்துவர்கள் இதை முன்பிருந்தே சொல்லி வருகிறார்கள். பட்டியலில் உள்ள சுருட்டை விரியன் தென் வங்கத்தில் வழக்கமாகக் காணப்படும் பாம்பே இல்லை. இங்கே அன்றாடம் கடிக்கும் கேவுட்டே பட்டியலில் இல்லை. நல்ல பாம்புக்கான மருந்து அதன் உறவுக்காரப் பாம்புக்கு ஓரளவு உதவுகிறது. அந்த ஓரளவை வைத்துக்கொண்டுதான் முறுக்கு பிழைத்தது. நான்கு குப்பிகளும் நான்கரை மணி நேர ரப்பர்ப் பையும் சேர்ந்து ஈடுகட்டிய குறை அது. பை இல்லாதிருந்தால் குப்பி மட்டும் போதியிருக்காது என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார்.

நாய்க்கே இப்படி என்றால் மனிதர்களுக்கு? 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000. பெரும்பாலோர் கிராமத்தினர், வயலில் இருப்போர். 2030-க்குள் இந்த இறப்பைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசிய செயல்திட்டத்தை அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எண்ணிக்கை தெரிந்தால்தான் எங்கே எத்தனை குப்பி வைப்பது என்பது தெரியும். இருப்புக் கணக்கு பார்க்காமல் கிளைக்குப் பணம் அனுப்ப முடியாது.

இந்தக் கணக்கைப் படித்த பிறகு ஓர் உறுத்தல் எனக்கு இருந்தது. எங்கள் நாய்க்கு ஏற்றிய நான்கு குப்பிகள் எங்கேனும் ஒரு விவசாயிக்கு இல்லாமல் போயிருக்குமோ? புண் கட்ட மீண்டும் சென்றபோது மருத்துவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் வாங்கி வைப்பது தனியார் விற்பனையாளரிடம். போன ஆண்டு ஆறு குப்பிகள் காலாவதியாகித் தூக்கிப் போட்டேன். மருந்து ஓரிடத்தில் தேங்கி இன்னோரிடத்தில் இல்லாமல் போகிறது. உங்கள் நாய் அதற்குப் பொறுப்பல்ல" என்றார். நான் முழுவதும் சமாதானமடைந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரவு திரும்ப வந்தால் அதையேதான் செய்வேன்.

நாய் வளர்க்கும் வாடிக்கையாளர்கள் பலர் என்னிடம் விவரம் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நாய் எதையும் மூக்கால் அறியப் பார்ப்பதால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழும். மூக்கு வீங்குவது, இமை சரிவது, எச்சில் வழிவது, பின்னங்கால் தள்ளாடுவது, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். கட்டு விரியன் கடித்தால் வீக்கமே இருக்காது. அதனால் வீக்கம் இல்லை என்று நிம்மதியடையவும் வேண்டாம். கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். முகம் வீங்கினால் அதுவே இறுக்கும். தூக்கிச் செல்லுங்கள். பாம்பைப் பிடிக்கவோ கொல்லவோ முயல வேண்டாம். தொலைவிலிருந்து ஒரு படம் போதும். உங்கள் பகுதியில் எந்தக் கால்நடை மருத்துவமனையில் முறிமருந்து இருக்கிறது, இரவில் திறந்திருக்கிறதா என்பதை இன்றே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். அன்று எங்களுக்கு அந்த எண் கிடைக்க முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

பாம்பை மறுநாள் காலை தன்னார்வலர் ஒருவர் வந்து பிடித்துப் பையில் இட்டு வனத்துறையிடம் ஒப்படைத்தார். அதன் வயிறு பருத்திருந்தது; எலியைத் தின்றிருக்கிறது என்றார். செங்கல் குவியலில் எலி இருந்ததால்தான் பாம்பு வந்தது. மாசிமா அந்த வாரமே ஆளை வைத்துச் செங்கற்களை அகற்றினார். அவை அவர் கணவர் மேல்மாடி ஒன்று கட்ட எண்ணி வாங்கிப்போட்டவையாம். கட்டுமுன் அவர் போய்விட்டார். முப்பது ஆண்டு எடுக்க மனம் வராதவற்றை ஒரு தெருநாய்க்காக எடுத்துவிட்டார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு என்னிடம் சொல்லவில்லை.

முறுக்கு இப்போது நன்றாக இருக்கிறது. மேல் உதட்டில் ஒரு பக்கம் சதை இல்லாததால் ஒரு கோரைப்பல் எப்போதும் வெளியே தெரியும். பார்ப்பவர்கள் உறுமுகிறது என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். செங்கல் இருந்த இடத்தில் மாசிமா செம்பருத்தி வைத்திருக்கிறார். நாய் துளசி மாடம் வரை போகும். அதற்கு அப்பால் போகாமல், அங்கேயே நின்று ஒருமுறை குரைத்துவிட்டுத் திரும்பி வரும்.